அது சண்டை இல்லப்பா... கபடி!

தெருவில் ரெண்டு நாய்கள் கட்டிப் புரண்டால் நம்ம ஊரில் முதலில் என்ன நடக்கும்? கல் பறக்கும். அடுத்து ஒரு வாளித் தண்ணி. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் யாராவது ஒருத்தர், ‘அதுங்க நிஜமாவே சண்டைதான் போட்டுச்சா?’ என்று கேட்பார். எங்க வீட்டில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதில் ஒரு குட்டியோட மொத்த வாழ்க்கையும் மாட்டிக்கிட்டு நின்னுச்சு ஃப்ரெண்ட்ஸ். அந்த மேட்டர்தான் இது.

ஹீரோயின் பேரு பரோட்டா. பாளையங்கோட்டையில் எங்க தெருமுனை பரோட்டா கடை வாசலில், யாரோ அட்டைப்பெட்டியில் வெச்சுட்டுப் போன நாட்டு நாய்க்குட்டி. பொட்டைக்குட்டின்னா நம்ம ஆளுங்க இப்படித்தான் ‘டெலிவரி’ பண்றாங்க. சுருண்டு படுத்தா அச்சு அசல் பரோட்டா. அதான் பேரு. போன வருஷம் ஆடி மாசம் நான் அதைத் தூக்கிட்டு வந்தப்போ, அப்பா வாசல்லயே நிறுத்தி கண்டிஷன் போட்டார். "இந்தா பாரும்மா... இது யாரையாவது கடிச்சாலும் சரி, எதுகிட்டயாவது கடி வாங்கிட்டு வந்தாலும் சரி, நேரா பெரியப்பா தோட்டத்துக்குப் போயிரும்."

தோட்டம்னதும் ஊட்டி ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க. அங்கே மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு வேப்பமரம், மரத்தில் ஒரு சங்கிலி. ஏற்கெனவே ஒரு நாய் அங்கேதான் வளர்ந்துச்சு. குட்டியிலிருந்தே சங்கிலி. மோட்டார் சத்தத்தையும் வேப்பமரத்தையும் தவிர அது எதையுமே பார்த்ததில்லை. யார் கிட்டப் போனாலும் பாயும். சோறு வைக்கிற பெரியம்மாவே தட்டைக் குச்சியால்தான் தள்ளுவாங்க. ‘வெறி பிடிச்ச ஜாதி’ன்னு ஊரே பேசும். அடுத்த ஆளா பரோட்டா அங்கே போகக் கூடாது. அவ்வளவுதான் என் லட்சியம்!

நமக்கு ஒரு அட்வைஸர் இருக்கா. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட். அவளைக் கூட்டிக்கிட்டு டாக்டரிடம் போனேன். அவர் குட்டியோட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துட்டு, "ஏழு வாரம் இருக்கும்" என்றார். பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் முடிஞ்சது. அடுத்த ஊசிகள் மூணு, நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு 16 வாரம் வரைக்கும். வெறிநோய் ஊசி மூணாவது மாசம்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா, "அப்போ 16 வாரம் முடியிற வரைக்கும் ரூமைப் பூட்டி வெச்சிரு. பார்வோ வந்தா செத்துரும்" என்றார். அப்பா சொன்னது சும்மா பயமுறுத்தல் இல்லை. பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஊசி போடாத குட்டியை ரெண்டு மூணு நாளில் கொண்டு போயிடும்.

ஆனா ஃப்ரெண்ட் வேற ஒரு காலண்டரைக் காட்டினா. நாய்க்குட்டிக்கு 3 வாரத்தில் திறக்கிற ஒரு ஜன்னல், 12 முதல் 14 வாரத்துக்குள் மெல்ல மூடிக்கும். அதுக்குள்ள எதை எல்லாம் பயமில்லாம பார்த்துப் பழகுதோ, அதெல்லாம் ‘நம்ம ஆளு’. அதுக்கப்புறம் புதுசா வர்றது எல்லாமே சந்தேகக் கேஸ். இதை அமெரிக்காவில் அப்பவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஃப்ரீட்மேன், கிங், எலியட்னு மூணு பேர் 1961-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினது இது: உயரமான வேலி போட்ட மைதானத்தில், மனுஷ முகமே படாம குட்டிகளைத் தாயோட விட்டாங்க. 2, 3, 5, 7, 9 வாரம்னு வேற வேற வயசில் ஒவ்வொரு செட்டையும் ஒரே ஒரு வாரம் வெளியே எடுத்துக் கொஞ்சினாங்க. ஒரு செட்டை மட்டும் 14 வாரம் வரைக்கும் தொடவே இல்லை. அந்தக் குட்டிகள் கடைசியில் காட்டு மிருகம் மாதிரி மனுஷங்களைக் கண்டாலே மிரண்டுச்சு. அடிச்சு வளர்க்கலை, பட்டினி போடலை. சும்மா யாரையும் பார்க்காம விட்டதுக்கே அந்த நிலைமை! பெரியப்பா தோட்டத்து நாய்க்கு ஜாதி ஒண்ணும் கெட்டுப் போகலைன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

ஊசி கணக்கு 16 வாரம். ஜன்னல் கணக்கு 14 வாரம். பூட்டி வெச்சா உடம்பு தப்பிக்கும், மனசு போயிடும். திறந்து விட்டா நோய் வரும். என்ன பண்றது? விலங்குகளின் நடத்தையைப் படிக்கிற அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் ஒண்ணு 2008-ல் இதுக்கு வழி சொல்லியிருக்கு. முதல் ஊசி போட்டு குறைஞ்சது 7 நாள் ஆனதும், சுத்தமான இடத்தில், ஆரோக்கியமான நாய்களோட குட்டியைப் பழக விடலாம். மூணு வயசுக்குள்ள சாகிற நாய்களில் தொற்றுநோயால் போறதை விட, நடத்தைப் பிரச்னையால் உயிரை விடுறதுதான் அதிகம்னும் அதே அறிக்கை சொல்லுது. அதாவது ‘கடிக்குது’ன்னு துரத்தப்பட்டும் கைவிடப்பட்டும்!

ஊர் சுற்றிய பரோட்டா

ஒரு வாரம் கழிச்சு ஆரம்பிச்சோம் பாருங்க டூரை! தரையில் கால் வைக்காம, ஒரு துணிப்பையில் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டிக்கிட்டு மேடம் பாளையங்கோட்டையைப் பார்த்தாங்க. ஆட்டோ, டவுன் பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், தாடி வெச்சவர், குடை பிடிச்ச டீச்சர், கைத்தடி ஊன்றிய தாத்தா, மேளச் சத்தம். வீட்டில் மிக்ஸியும் குக்கர் விசிலும். மொபைலில் பட்டாசுச் சத்தத்தை ரொம்ப மெதுவா வெச்சு, பக்கத்தில் ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன்.

இதில் ஒரே ஒரு ரூல்தான். குட்டியை எதுகிட்டயும் தள்ளக் கூடாது. அதுவா மோந்து பார்க்க வந்தா சபாஷ். காதைப் பின்னால் மடக்கி, வாலை உள்ளே சொருகிக்கிட்டா, நாம நாலடி தள்ளிப் போயிடணும். நூறு பேர் கையில் மாறி மாறிக் கொடுத்துக் கொஞ்ச விடுறது பழக்கம் இல்லை, அது ராகிங்!

இதெல்லாம் ஈஸியாப் போச்சு. மற்ற நாய்களோட பழக்கும்போதுதான் பூகம்பமே வந்துச்சு.

எதிர் வீட்டு டைகர்

எதிர் வீட்டு ஆச்சியோட டைகருக்கு அஞ்சு வயசு. எல்லா ஊசியும் போட்ட, பொறுமையான நாய். ஆச்சி வீட்டு முற்றத்தில் ரெண்டையும் விட்டோம். முதல் நாள் மோப்பம். ரெண்டாம் நாள் ஓட்டம். மூணாம் நாள் டைகர் பரோட்டாவைக் கவிழ்த்துப் போட்டு, கழுத்தை வாயில் கவ்விக்கிட்டு, ‘உர்ர்ர்’ருங்குது. பரோட்டா ‘கீய்ங்’னு கத்துது.

"ஏட்டி, குட்டியைக் கொல்லப் போகுது பாரு!" அம்மா வாரியலோட ஓடி வந்தாங்க. பின்னாலேயே அப்பா. "நான் சொன்னேன்ல? ஞாயித்துக்கிழமை பெரியப்பா வர்றார். ரெடி பண்ணி வை."

அன்னிக்குப் புதன்கிழமை. கையில் நாலே நாள். கத்தி ஜெயிக்க முடியாதுன்னு தெரியும். அதனால், ஆச்சியோட சம்மதத்தில் வியாழனும் வெள்ளியும் அதே முற்றத்தில் பத்துப் பத்து நிமிஷம் விளையாட விட்டு, மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். வெள்ளி ராத்திரி ஃப்ரெண்டை வீட்டுக்கு வரவெச்சு, அப்பா முன்னாடி படத்தை ஓட்டினோம்.

அப்பாவைப் பற்றி ஒரு தகவல் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் ஊர் கபடி டீமில் செம ரைடர். ஃப்ரெண்ட் அதைத்தான் பிடிச்சுக்கிட்டா.

"அங்கிள், இங்க பாருங்க. டைகர் முன்னங்கால் ரெண்டையும் தரையில் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கிக் குனியுது. இதுதான் விளையாட்டு வணக்கம். ‘இனிமே நான் என்ன பண்ணாலும் சீரியஸா எடுத்துக்காத’ன்னு அர்த்தம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் மார்க் பெகாஃப்னு ஒருத்தர் நாய், ஓநாய், கயோட்டி மூணையும் பார்த்து 1995-ல் எழுதியிருக்கார். கவ்வி, தலையை உதறுற மாதிரி தப்பா நினைக்க வாய்ப்புள்ள கடிக்குச் சரியா முன்னாடியும் பின்னாடியும்தான் இந்த வணக்கம் அதிகமா வருதாம்."

அப்பா ஸ்கிரீனைக் கிட்டக் கொண்டுவந்தார். "அதாவது... பாடிக்கிட்டே போறான். பாட்டு இருக்கிற வரைக்கும் ஆட்டம்."

"அதே! அடுத்து, டைகர் தானாவே கீழே விழுந்து குட்டியை மேலே ஏற விடுது பாருங்க. பெரியவங்க சின்னவங்களுக்காக வேணும்னே பலத்தைக் குறைச்சுக்கிறது. துரத்துறதும் மாறி மாறி நடக்குது. எப்பவும் பாதிக்குப் பாதி இருக்கணும்னு அவசியமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாவர், ஸ்மட்ஸ்னு ரெண்டு பேர் 2007-ல் எழுதின ஆய்வும் அதைத்தான் சொல்லுது. ஆனா ரெண்டு பேருக்கும் உடம்பு தளர்வா இருக்கணும், வாய் லேசாத் திறந்திருக்கணும், நடு நடுவே பிரேக் விடணும்."

"அப்போ அந்தக் ‘கீய்ங்’?" அம்மா விடலை.

அதையும் ஸ்லோ மோஷனில் போட்டோம். பரோட்டா கத்தின அடுத்த நொடியே டைகர் வாயை விட்டுட்டு, முகத்தைத் திருப்பிக்கிச்சு. ரெண்டு செகண்ட் கழிச்சு மறுபடி வணக்கம். சில இடத்தில் கத்துறது டைகர்! பரோட்டா அதன் காதை ஊசிப் பல்லால் கடிச்சதும், அது எழுந்து போயிடுது. குட்டிக்கு விளையாட ஆள் இல்லை. அடுத்த தடவை கடி மெதுவாகுது. எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டிகள் கூடப்பிறந்ததுங்களோட விளையாடித்தான் கத்துக்கும். அட்டைப்பெட்டியில் தனியா வந்த பரோட்டாவுக்கு அந்தப் பாடத்தை எடுத்தது டைகர் வாத்தியார். கடிக்காம இருக்கப் பழகிற இடமே அந்தக் கடி விளையாட்டுதான்!

அப்பா லேசில் மசியலை. "நாளைக்கு நேர்லயே பார்த்துருவோம்" என்றார்.

அஞ்சு செகண்ட் டெஸ்ட்

சந்தேகம் வந்தா ஒரு சோதனை இருக்கு. பலசாலி நாயைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, சின்னது என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். ஓடி ஒளிஞ்சா அதுக்கு விளையாட்டுப் பிடிக்கலை. திரும்பி வந்தா பிடிச்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம், ஆட்டம் உச்சத்தில் இருந்தப்போ நான் டைகரோட பட்டையைப் பிடிச்சு நிறுத்தினேன். பரோட்டா கீழே மல்லாக்கக் கிடக்கு. அப்பா, அம்மா, ஆச்சி மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு இதயம் டமடமன்னு அடிக்குது. இது என் கால் பக்கம் ஓடி வந்தா கதை முடிஞ்சது.

பரோட்டா எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறுச்சு. நேரா டைகர்கிட்டப் போய் அதன் வாலைப் பிடிச்சு இழுத்துச்சு!

ஆச்சி சிரிச்ச சிரிப்பில் முற்றமே அதிர்ந்தது. அப்பா ஒண்ணும் பேசலை. ஞாயித்துக்கிழமை பெரியப்பா வந்தப்போ, "குட்டியா? அது இங்கேயே இருக்கட்டும். ஆட்டம் கத்துக்கிட்டிருக்கு" என்றார்.

எல்லாமே கபடி இல்லை

அப்படின்னு எல்லா முட்டல் மோதலையும் விளையாட்டுன்னு விட்டுடவும் கூடாது பாஸ். இன்னொரு நாள் பழக விட்ட ஒரு வயசு லாப்ரடார் பரோட்டாவை விடாம துரத்துச்சு. வணக்கம் இல்லை, பிரேக் இல்லை, கத்தினாலும் நிறுத்தலை. பரோட்டா பைக்குக்கு அடியில் போய்ப் பதுங்கிடுச்சு. உடனே ஆட்டத்தை நிறுத்திட்டேன். லாப்ரடார் கெட்ட நாய் இல்லை, ஆனா அன்னிக்கு விளையாடினது ஒருத்தர்தான். உடம்பு கட்டையா விறைச்சு, வாய் மூடி, கண் இமைக்காத முறைப்பு வந்தா அது சண்டைக்கான ரெட் சிக்னல். ரெண்டு மூணு நாய் சேர்ந்து ஒண்ணை அமுக்கினாலும் அப்படித்தான். நிஜச் சண்டையில் நடுவில் கையை விடாதீங்க. பெரிய சத்தம், தண்ணி, நடுவில் ஒரு பலகை, இதுதான் வழி.

இன்னொண்ணு, விளையாட்டுக் கடியானாலும் தோலில் கீறல் விழுந்தா சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெறிநோய் வந்த பிறகு அனேகமா யாரும் பிழைக்கிறதில்லை. வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டா தடுத்துடலாம்.

குட்டி வாங்கணும்னு ஆசைப்படுற ஃப்ரெண்ட்ஸ், பேர் யோசிக்கிறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அது எப்படிப்பட்ட நாயா வாழப் போகுதுங்கிறதுல பெரும்பங்கு, உங்க கைக்கு வந்த முதல் ஆறேழு வாரத்தில் முடிவாயிடும். செமஸ்டர் எக்ஸாம் நேரத்தில் குட்டியைக் கொண்டுவந்து ரூமில் பூட்டி வைக்காதீங்க. லீவில் கொண்டு வாங்க.

பரோட்டாவுக்கு இப்போ ஒரு வயசு தாண்டியாச்சு. கருத்தடை ஆபரேஷனும் முடிஞ்சது. தீபாவளி அன்னிக்குப் பட்டாசு வெடிச்சப்போ கட்டிலுக்கு அடியில் போகாம, அப்பா காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டுச்சு. போன மாசம் ஆச்சி வீட்டுக்கு ஒரு புதுக்குட்டி வந்திருக்கு. உள்ளங்கை சைஸ். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் முற்றத்தில் விட்டோம். பரோட்டா முன்னங்காலை நீட்டிக் குனிஞ்சு ஒரு வணக்கம் போட்டுட்டு, பொத்துன்னு மல்லாக்க விழுந்து கொடுத்துச்சு. பொடிசு அது மேல ஏறி நின்னு காதைக் கடிச்சு இழுக்குது. வாசல்ல உட்கார்ந்திருந்த அப்பா காபி டம்ளரைக் கீழே வெச்சுட்டு, பாயின்ட் எண்ண ஆரம்பிச்சார்.