முதல்ல பேப்பர வாங்குங்க

தோட்டத்துப் பிள்ளை ஒன்று நல்லா படம் வரையுது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வாங்கிக் கொடுப்பது 24 நிறம், 36 நிறம் உள்ள பெயின்ட் பெட்டி. எனக்கே அப்படி மூன்று வந்திருக்கின்றன. அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீர்வர்ணம் பழக ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமார் கேட்டால், கையில் இருக்கிற காசில் பாதிக்கு மேல் பேப்பருக்கே போகட்டும் என்றுதான் சொல்லுவேன்.

ஏனென்றால் நீர்வர்ணத்தில் வெள்ளை என்பதே பேப்பர்தான். எங்கள் எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் மரத்தில் பால் வழிகிற கோடு இருக்கே, அதை வரைய வெள்ளை டியூப் தேவையில்லை; அந்த இடத்தை மட்டும் நனையாமல் விட்டால் போதும். சித்திரக் கொப்பித் தாள் இந்த வேலையைத் தாங்காது. தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், நிறம் பள்ளத்தில் தேங்கும், இரண்டாம் தடவை பிரஷ் பட்டால் திரி திரியாக உரியும். பிள்ளை என்ன நினைக்கும்? தனக்குக் கை வராது என்று. எத்தனை பேர் அந்த இடத்தோடு விட்டுப் போயிருப்பார்கள்!

கடையில் அட்டையைத் திருப்பி 300 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சதுர மீற்றருக்கு 300 கிராம் என்று அர்த்தம். போட்டோகொப்பித் தாள் வெறும் 80. முழுப் பருத்தியில் செய்த தாள்தான் இதில் ராஜா. ஆனால் அது ஒன்று வாங்கினால் அம்மாவின் ஒரு பேரை விழுங்கிவிடும் (தோட்டம் தெரியாதவர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு). அதனால் பழகுவதற்கு மரக்கூழ்த் தாள், மனதுக்குப் பிடித்த ஒன்றை வரைய மட்டும் பருத்தி. 56க்கு 76 சென்ரிமீற்றர் முழுத் தாளை எட்டாகக் கிழித்தால் 28க்கு 19 அளவில் எட்டுப் படம். பின்பக்கமும் இருக்கு. 2022 மார்ச்சில் அச்சடிக்கத் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. பின்பக்கத்தின் அருமையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கின பிறகு நம்ம ஊர் தன் வேலையைக் காட்டும். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்க நல்ல தாளில் ஜெலட்டின் மாதிரிப் பசை ஏற்றியிருப்பார்கள். ஈரக்காற்றில் கிடந்தால் அந்தப் பசை கெட்டு, தாள் அங்கங்கே ஒற்றுத்தாளாகிவிடும். லயத்துச் சுவரில் சாத்தி வைக்கவே வேண்டாம். கிழித்த துண்டுகளைப் பொலித்தீனில் சுற்றிப் பெரிய பிஸ்கட் டின்னில் வையுங்கள். வர்ண வில்லைகளையும் ஈரம் காயாமல் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

நிறம் நாலு போதும்: அல்ட்ராமரின் நீலம், எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு, பர்ன்ட் சியன்னா. பெட்டியில் வருகிற பச்சையை அப்படியே எடுத்து மலையில் பூசினால் கலண்டர் படம்தான் வரும். நீலமும் மஞ்சளும் கலந்து துளி சியன்னா சேர்த்துப் பாருங்கள், முற்றின தேயிலை இலை வந்து நிற்கும். தை, மாசியில் இலை உதிர்க்கிற றப்பர் மலைக்கு சியன்னா ஒன்றே பாதி வேலையை முடிக்கும். நீலமும் சியன்னாவும் சேர்ந்தால் மழை வானம், நனைந்த தகரக்கூரை. கறுப்பு டியூப் காசும் மிச்சம்.

டியூப்பில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின், வெளிச்சத்துக்கு அசையாது. பி.ஆர். 83 என்கிற பழைய அலிசரின் சிவப்பு வெளிறிப்போகும். குறியீடே இல்லாத பெட்டிகள்தான் நம்ம டவுன் கடைகளில் அதிகம். ஏ.எல். படிக்கும்போது அப்படியொரு பெட்டியில் அப்பாயியை வரைந்தேன், ரோஸ் சேலையில். இப்போது முகத்தின் மண்ணிறம் அப்படியே இருக்கு, சேலை வெள்ளை. "ஒங்க தாத்தா உசுரோட இருக்கப்பவே எனக்கு வெள்ளச் சீல கட்டி விட்டுட்டியே" என்று அப்பாயி சிரிக்குது. மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். அது அவர் தெரிந்து எடுத்த பொருள். நாம் காசு கொடுத்து வாங்குகிற நிறம் நமக்குத் தெரியாமல் ஓடிப்போகக் கூடாது. லயத்தை வந்து போட்டோ பிடித்தவர்கள் நிறைய, உள்ளே இருந்து வரைந்தவர்கள் குறைவு. வரைகிற கொஞ்சமாவது நிற்கட்டுமே.

பிரஷ் ஒன்று போதும், வட்ட முனை, 8ஆம் நம்பர், செயற்கை மயிர். கடையில் கொஞ்சம் தண்ணீர் கேட்டு நனைத்து உதறிப் பாருங்கள்; முனை ஊசி மாதிரி கூர்ப்பட வேண்டும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், நீங்க கேளுங்க.