குருதி கூறும் சான்று

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. அச்செல்வத்தைப் பேணி வாழும் உழவர் எல்லா நாட்டிலும் உளர். அவர்தம் உள்ளத்தை நடுங்கச் செய்யும் நோய்களுள் ஒன்று கோமாரி. வைரஸால் விளையும் இந்நோய் கண்ட மாட்டின் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் தோன்றும், மாடு இரை கொள்ளாது, பால் வற்றும்.

2001 ஆம் ஆண்டில் இந்நோய் நெதர்லாந்து நாட்டிற் புகுந்தது. அது பரவாதிருத்தற்பொருட்டுச் சுற்றுப்புறத்துக் கால்நடைகளுக்குத் தடுப்பூசி இட்டனர். ஆயினும், ஊசி பெற்ற கால்நடைகள் இலட்சத்திற்கு மேற்பட்டவை பின்னர்க் கொல்லப்பட்டன. அவற்றுட் பல நோயற்றவை. இக்கொடுமை நிகழ்ந்தது ஏன்?

நோயுற்றுத் தேறிய மாட்டின் குருதியிலும், ஊசி பெற்ற மாட்டின் குருதியிலும் எதிர்ப்பொருள் உண்டு. வழக்கமான சோதனை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. ஊசி பெற்றவற்றைக் கொன்றால், 3 மாதங்களில் நோயற்ற நாடு என்னும் பெயரை மீண்டும் பெறலாம். வாழவிட்டால் 12 மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். அந்நாளைய உலக விதி அது. வாணிகம் கருதி உயிர்கள் பலியாயின.

இவ்விடர் நீங்க அறிவியல் ஒரு வழி கண்டது. வைரஸ் மாட்டின் உடலிற் பெருகும்பொழுது இருவகைப் புரதங்களை ஆக்குகிறது. ஒருவகை அதன் புறக்கூடாக அமைகிறது; மற்றொரு வகை பெருக்கத்திற்கு மட்டுமே துணைசெய்கிறது. நன்கு தூய்மை செய்த தடுப்பூசியில் பின்னது நீக்கப்பெறும். ஆகவே, பின்னதற்குரிய எதிர்ப்பொருள் குருதியில் இருப்பின், வைரஸ் அவ்வுடலிற் பெருகியது என்று உணரலாம்.

இச்சோதனைக்கு வேண்டிய புரதத்தைப் பெற உயிருள்ள வைரஸை வளர்த்தல் இடர் மிக்கது. எனவே, அப்புரதத்திற்குரிய மரபணுவை மட்டும் எடுத்து, தீங்கற்ற பாக்டீரியாவினுட் சேர்க்கின்றனர். பாக்டீரியா அப்புரதத்தை ஆக்கித் தருகிறது. இதுவே மறுசேர்க்கைப் புரதம். நோய் உண்டாக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. சிறு குழிகள் உடைய தட்டில் இதனைப் பூசி, மாட்டின் குருதிநீரை இடுவர். பின்னர் உரிய மருந்துகளைச் சேர்ப்பர். நிறம் தோன்றினால், நோய் தொற்றியதற்கு அது குறி. எனினும், ஒரு மாட்டின் குறி கொண்டே முடிவு கூறுதல் பொருந்தாது. மந்தை முழுவதையும் ஆராய்தல் வேண்டும்.

2002 ஆம் ஆண்டில் உலக விதி திருத்தப்பட்டது. இத்தகைய சோதனையால் நோயின்மையை மெய்ப்பித்தால், ஊசி பெற்றவற்றை வாழவிட்டும் 6 மாதங்களில் அப்பெயரைப் பெறலாம் என்பது ஏற்கப்பட்டது.

வாயில்லா உயிர் தன் பொருட்டு வழக்குரைக்க மாட்டாது; அதன் குருதியே சான்று கூறுகிறது. உயிரைக் காப்பதற்கு இரக்கம் மட்டும் போதாது. வேறுபாடு அறியும் அறிவும் வேண்டும்.