ஹாங்காங்: தனியாகச் சுற்ற டிராமும் படகும் போதும்!

தனியாக ஹாங்காங் போகிறவர்களுக்கு டாக்ஸியே வேண்டாம். 1904 முதல் ஓடும் டிராம் இருக்கிறது. மணியோசையை வைத்து ஊர்க்காரர்கள் அதை ‘டிங் டிங்’ என்பார்கள். பின்வழியே ஏறி, முன்வழியே இறங்கும்போது காசு. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான். மாடியில் முன்சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். வங்கிக் கோபுரங்களைத் தாண்டி மேற்கே போனால் கருவாட்டு வாசனை வரும்!

விக்டோரியா பீக் மலைக்கு, மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

மாலையை ஸ்டார் ஃபெரிக்கு ஒதுக்குங்கள். சென்ட்ரலில் ஏறினால் பத்து நிமிடத்தில் கவுலூன் கரை. படகுக்கு இரண்டு பக்கமும் முகப்பு என்பதால் திரும்ப வேண்டியதில்லை. பயணிகள்தான் இருக்கையின் சாய்மானத்தைத் தள்ளி, திசை மாறி உட்காருகிறார்கள்.

கடலுக்கடியில் சுரங்கப்பாதை வராத காலத்தில் இதுதான் ஊரின் உயிர்நாடி. 1966-ல் மேல்தளக் கட்டணம் 5 சென்ட் உயரும் என்று செய்தி வந்தது. ஓர் இளைஞர் தன்னந்தனியாகப் படகுத்துறையில் உண்ணாவிரதம் இருந்தார். கைதானார். அடுத்தடுத்த இரவுகளில் கவுலூன் தெருக்களில் கலவரம்!

இறங்கியதும் தெரிவது 1915-ல் எழுந்த மணிக்கூண்டு, இடிக்கப்பட்ட ரயில் நிலையத்தின் மிச்சம். இரவு 8 மணிக்கு அதனருகே நின்றால், எதிரே தீவின் கட்டடங்களில் ஒளிக்காட்சி. டிக்கெட் கிடையாது.