வாட்ச்டவரும் அளைமறிபாப்பும்

2000 முதல் 2002 வரை மதுரையில் முதுகலைத் தமிழ் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழன் ஆங்கில இலக்கிய மாணவன். அவனிடம் ஒரு டேப் ரெக்கார்டரும், செருப்புப் பெட்டி நிறைய ஒலிநாடாக்களும் இருந்தன. என்னிடம் நன்னூல் காண்டிகையுரை இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அவன் பாட்டுப் போடுவான். நான் சண்டை போடுவேன். முதலில் சத்தத்தைப் பற்றிய சண்டையாக இருந்தது, நாளடைவில் பாட்டைப் பற்றிய சண்டையாயிற்று.

ஓர் ஒலிநாடாவின் இரு பக்கங்களிலும் ஒரே பாட்டைப் பதிந்து வைத்திருந்தான். 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. ஏ பக்கம் பாப் டிலன், பி பக்கம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

டிலன் அதை 1967 நவம்பரில் நாஷ்வில்லில் பதிவு செய்தார். கிதார், மவுத் ஆர்கன், பின்னால் பேஸும் டிரம்ஸும். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். டிசம்பர் இறுதியில் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தொகுப்பில் வெளிவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1968 ஜனவரியில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஹெண்ட்ரிக்ஸ் அதைக் கையில் எடுத்தார். டேவ் மேசன் பன்னிரண்டு கம்பிக் கிதார் வாசித்தார். பேஸ் வாசிக்க வேண்டிய நோயல் ரெட்டிங் பாதியில் எழுந்து போய்விட, அதையும் ஹெண்ட்ரிக்ஸே வாசித்தார். பிறகு நியூயார்க்கில் மேலும் மேலும் கிதார்களைச் சேர்த்துக்கொண்டே போனார். நான்கு நிமிடமாக வளர்ந்த அந்தப் பாட்டுதான் அமெரிக்காவில் முதல் 40 இடங்களுக்குள் வந்த அவருடைய ஒரே பாட்டு.

நான் பி பக்கத்தின் ஆள். என் தோழன் ஏ பக்கம். சொல் இருக்கும்போது இரைச்சல் எதற்கு என்பது அவன் கட்சி. முதல் பகுதியின் கடைசி அடியை ஹெண்ட்ரிக்ஸ் சற்று மாற்றிப் பாடியிருக்கிறார். அதை அவன் மன்னிக்கவே இல்லை. "பாடபேதம்தானே? உ.வே.சா.வாக இருந்தால் அடிக்குறிப்பில் போட்டிருப்பார்" என்றேன். அன்று சிரித்தான். வேறோர் இரவு, வாதம் முற்றிய நேரத்தில், "உனக்கு இதில் ஒரு வரிகூடப் புரியாது. உன்னோடு என்னடா விவாதம்?" என்றான்.

உண்மைதான். தமிழ்வழியில் படித்து வந்தவன் நான். அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்ததெல்லாம், தொலைவில் ஏதோ கிளம்பிவிட்டது, நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டுமே. அதற்குமேல் சொல்லத் தெரியாததால் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. ஒரே அறையில் மூன்று மாதம் பேசாமல் இருப்பது எளிதன்று.

அந்தக் கோபத்தில்தான் அகராதியும் கையுமாக அந்தப் பாட்டைக் கற்றேன். பன்னிரண்டே அடிகள், பல்லவி கிடையாது. ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். அதன்பின் காவற்கோபுரம், அங்கிருந்து பார்த்திருக்கும் இளவரசர்கள். தொலைவில் இரு குதிரைக்காரர்கள் நெருங்குகிறார்கள்; காற்றின் ஓசையோடு பாட்டு நின்றுவிடுகிறது. ஏசாயா 21ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கோபுரமும் குதிரைக்காரர்களும் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியும். கதை ஏன் தொடங்க வேண்டிய இடத்தில் முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ரசிகர்கள் இன்றும் இதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். நிகழ்ச்சிகள் தலைகீழ் வரிசையில் நடக்கின்றன என்ற பொருளில் டிலனே 1968இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

2016இல் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவித்தபோது, எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் பாட்டு இலக்கியமாகுமா என்று பெரிய தர்க்கம். எனக்கு அது வியப்பாக இருந்தது. பரிபாடலில் பாடிய புலவர் பெயர் தனியாகவும், இசை வகுத்தவர் பெயர் தனியாகவும், பண் தனியாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. டிலன் பாடியது, ஹெண்ட்ரிக்ஸ் இசை வகுத்தது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது என நினைத்தேன். ஆனால் பரிபாடலின் இசை போய்விட்டதே, சொல்தானே மிஞ்சியது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது என் தோழனின் குரல்.

அடுத்த ஆண்டு வகுப்பில் நன்னூலின் பொருள்கோள் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டில் ஒன்று அளைமறிபாப்பு. பாம்பு வளைக்குள் நுழையும்போது தலை கீழே போய் உடல் மடங்கித் திரும்புவதுபோல, செய்யுளின் இறுதியில் நிற்கும் சொல் இடையிலும் முதலிலும் சென்று பொருள் கொள்வது. இருபது ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்த செய்திதான். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். குதிரைக்காரர்கள் கோட்டைக்கு வந்து சேர்ந்து, முதல் அடியில் பேசத் தொடங்குகிறார்கள். கோமாளியும் திருடனும் அவர்களேதாம்! மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடம்பு சரியில்லையா ஐயா என்று ஒரு பெண் கேட்டாள்.

அன்று மாலை அவன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வெளியூரில் வங்கி வேலையில் இருந்தான். பதினைந்து ஆண்டுக்குப் பின் பேசுகிறவன் நலம்கூட விசாரிக்காமல் நன்னூல் சொன்னதை அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? எல்லாம் சொல்லிலேயே இருக்கிறது. உன் ஆள் கிதார் எதற்கு?" என்றான்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே சுரக்கூட்டு வரிசை முதலிலிருந்து கடைசிவரை சுழன்றுகொண்டே இருக்கிறதே, பாட்டு முடிந்தபின் அவர் கிதார்தானே கேட்பவனை மறுபடி முதலடிக்கு இழுத்துப் போகிறது என்றேன். 1974இல் மேடையேற்றத் தொடங்கியது முதல் டிலனே ஹெண்ட்ரிக்ஸ் வழியைத்தானே பின்பற்றினார் என்றும் சொன்னேன். "அந்த 1974 பதிவைக் கேட்டிருக்கிறாயா? அந்த ஓட்டத்தில் திருடன் பேசுவது காதில் விழுகிறதா?" என்று கேட்டான். அரைமணி நேரம் போயிற்று.

நடுவே குரலைத் தாழ்த்தி, "அன்றைக்கு விடுதியில் நான் சொன்னது நினைவிருக்கிறதா?" என்றான். எதைச் சொல்கிறாய், நினைவில்லையே என்றேன்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அந்த ஒலிநாடா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஏ பக்கம் தேய்ந்துவிட்டதாம்.

"பி பக்கம்?"

"புதிதுபோல இருக்கிறது. போட்டால்தானே தேயும்?"