சுண்டெலி சொன்ன பாதி விடை

ஒரு மருந்தை ஒருநாள் உட்கொள்வது வேறு, ஆண்டுக்கணக்கில் உட்கொள்வது வேறு. இதை எனக்கு உணர்த்தியவை எலிகள்.

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஹாலோபெரிடால் என்னும் மருந்து 1958-இல் பெல்ஜிய நாட்டில், பால் ஜான்சன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. மூளை நரம்பணுக்களின் மேலுள்ள டோபமைன் ஏற்பிகளில் இது போய் அமர்ந்துகொள்ளும். பிறகு டோபமைன் வந்தாலும் அமர இடமிராது. காதில் ஒலிக்கும் இல்லாத குரல்கள் அடங்கும். ஆனால் மூளை சும்மா இருந்துவிடுமா? அமெரிக்க அறிஞர் ஸ்னைடரும் அவர் குழுவினரும் எலிகளுக்கு வாரக்கணக்கில் இம்மருந்தைக் கொடுத்து, மூளையை ஆராய்ந்து 1977-இல் முடிவை வெளியிட்டனர். ஏற்பிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருகியிருந்தன!

நடத்தையும் மாறுகிறது. நெடுநாள் கொடுத்த மருந்தை நிறுத்திய சுண்டெலிக்கு, டோபமைனைப் போலவே செயல்படும் அபோமார்பினைச் சிறிதளவு செலுத்தினால், மற்றச் சுண்டெலிகளைவிட மிகுதியாகக் கூண்டுக் கம்பிகளில் ஏறுகிறது. மாதக்கணக்கில் மருந்து பெற்ற எலிகளோ வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருக்கின்றன.

இவ்வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் பெரியப்பா 18 ஆண்டுகளாக இம்மருந்தை உட்கொள்பவர். அவரும் மென்றுகொண்டேயிருப்பார். "வெற்றிலையா அண்ணாச்சி?" என்று கேட்போர் உண்டு; வெற்றிலையை அவர் தொட்டதே இல்லை. "எல்லாம் மாத்திரையால் வந்தது, விட்டுவிடுங்கள்" என்பர் உறவினர். காரணம் சரிதான், யோசனைதான் தவறு. சென்ற ஆண்டு அவர்கள் பேச்சைக் கேட்டுத் தாமாகவே நிறுத்திப் பார்த்தார். வாயசைவு முன்னிலும் மிகுந்தது. சில வாரங்களில், இரவில் சுவரோடு பேசவும் தொடங்கினார். அடைப்பு நீங்கியதும், பெருகிக் கிடந்த ஏற்பிகள் யாவும் ஒருசேர விழித்துக்கொண்டன என்பதே எலிகளைக் கொண்டு நாம் கூறக்கூடிய விளக்கம்.

ஆயினும் எலியை முழுதும் நம்புவதற்கில்லை. எலியில் ஏற்பிகள் சில வாரங்களிலேயே பெருகி, மருந்தை விட்டபின் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றன. மனிதரில் இவ்வசைவு பெரும்பாலும் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்தே வருகிறது, எல்லோருக்கும் வருவதுமில்லை, வந்தால் எளிதில் போவதுமில்லை. ஏற்பிக் கணக்கு மட்டுமே விடையாயின் இவ்வேறுபாடு ஏன்? 2017-இல் இவ்வசைவுக்கென்றே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வால்பெனசின் என்னும் மருந்துகூட ஏற்பியைக் குறிவைப்பதன்று. நரம்பு முனையின் நுண்பைகளில் டோபமைன் சேர்வதைக் குறைப்பது.

பெரியப்பாவுக்கு இப்போது மருத்துவரே மாத்திரையின் அளவைச் சிறுகச் சிறுகக் குறைத்து வருகிறார். எத்தனை மாத்திரை, இரவு உறங்கினாரா என்பதைப் பெரியம்மா நாள்தோறும் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறார்.