ராடில் எத்தனை கிலோ?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பளுதூக்கும் பயிற்சிக்கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. முன்னாள் ராணுவ வீரரான அவருடைய தந்தையும் பளுதூக்கியவர்தான். இங்கே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஆர்வமூட்ட வேண்டியதில்லை. வந்த பிள்ளையைத் தக்கவைப்பதுதான், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளரின் வேலை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், ராடை ஒரே இழுப்பில் தலைக்குமேல் தூக்கும் ஸ்நாட்ச் போட நின்றாள். 15 கிலோ ராடு. இருபுறமும் மஞ்சள் பிளேட், அதாவது பதினைந்து பதினைந்து. அதற்கு வெளியே இரண்டரை இரண்டரை. மொத்தம் 50. கையில் பொடி தேய்த்துக்கொண்டு இழுத்தாள். தலைக்குமேல் போன ராடு முன்பக்கமாக விழுந்தது. மறுமுறையும் அப்படியே.

"இன்னொரு தபா போடறேன் மாஸ்டர்."

"வேணாம்மா. ரெண்டரையைக் கழட்டு."

அவள் முகம் சுண்டிப்போனது. மாஸ்டர் சமாதானம் சொல்லவில்லை. "ராடு உடம்ப விட்டு விலகுது. தொடைய ஒட்டியே வரணும்" என்றார். 45 கிலோவை மூன்று முறை தூக்கவைத்தார். மூன்றாவதில் ராடு நேராக ஏறி, கை பூட்டி, ஆடாமல் நின்றது. "போதும். இதோட போ."

விழுந்த லிஃப்டோடு வீட்டுக்குப் போன பிள்ளை மறுநாள் பயந்துகொண்டே ராடைப் பிடிக்கும் என்றார் என்னிடம். பிறகு ஒரு நோட்டை விரித்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளுடைய பழைய பக்கம் ஒன்றைக் காட்டினார். அங்கே 40 கிலோவுக்கு நேரே, தவறிய லிஃப்டுகளுக்கான பெருக்கல் குறிகள் வரிசையாக இருந்தன. அவள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்துப் பெண்ணின் எண்ணை அவர் காட்டவில்லை. நம் வகுப்பறைகளில் முதல் மதிப்பெண் வாங்கியவனைக் காட்டியே மற்றவர்களை விரட்டுகிறோம். அது எனக்கு என்றுமே உடன்பாடில்லை.

"உன்னால் முடியும்" என்பதை யாரும் சொல்லிவிடலாம். எத்தனை கிலோ முடியும் என்று சொல்பவர், பிள்ளையை அன்றாடம் கவனித்திருக்க வேண்டும். ஊக்கம் என்பது அந்தக் கவனிப்புதான் என்று நான் நம்புகிறேன்.

போட்டியில் எத்தனை கிலோ என்று சொல்வது இன்னும் கடுமை. ஸ்நாட்சுக்கு மூன்று வாய்ப்பு, தோளுக்கு ஏற்றி அங்கிருந்து தலைக்குமேல் தூக்கும் கிளீன் அண்டு ஜெர்க்குக்கு மூன்று. பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிடம். மேடையில் ராடின் எடையைக் குறைக்கமாட்டார்கள், ஏற்றிக்கொண்டேதான் போவார்கள். ஸ்நாட்சில் மூன்றும் போய்விட்டால் மொத்த எடைக் கணக்கில் இடமே இல்லை. எனவே முதல் எடையைச் சொல்பவரின் கையில்தான் பிள்ளையின் நாள் இருக்கிறது. நிறுத்தத் தெரிவதும் அதில் சேர்த்தி. கோல்டு கோஸ்ட்டில் ஸ்நாட்சில் 144-உம் கிளீன் அண்டு ஜெர்க்கில் 173-உம் தூக்கி, மொத்தம் 317 கிலோவோடு முன்னணியில் இருந்த சதீஷ், கடைசி வாய்ப்புக்கு மேடையேறவே இல்லை.

மாவட்டப் போட்டிக்குப் போகும் பையன் ஒருவன் 80-இல் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். மாஸ்டர் 74 என்று எழுதினார்.

"அத நான் தூக்கத்துலயே போடுவேன் மாஸ்டர்."

"அதனாலதான்டா எழுதறேன்."

"அப்போ ரெண்டாவது 80 வெக்கலாமா?"

"முதல் லிஃப்ட்டப் பாத்துட்டுச் சொல்றேன்."