காளானில் காளான் எவ்வளவு?

சென்னிமலைக்கு நீங்கள் இரண்டு காரணங்களுக்காகத்தான் போயிருப்பீர்கள். ஒன்று முருகன், இன்னொன்று போர்வை. 1,320 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, கீழே வந்து பெட்ஷீட்டைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஈரோடு பஸ்ஸைப் பிடித்திருப்பீர்கள். அடுத்த முறை ஒரு மணி நேரம் கூட இருந்து பாருங்கள். விளக்கு வைத்த பிறகு ஊரின் வாசனையே மாறிவிடும். தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். எண்ணெய் காயும். பெரிய இரும்புக் கல்லில் கரண்டி 'டங் டங்' என்று தட்ட ஆரம்பிக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கொங்குப் பக்கம் சாயங்காலத்தில் யாராவது "காளான் சாப்பிடலாமா?" என்று கேட்டால், அது ஒரு பலகாரத்தின் பெயர். பொடிப்பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸை மைதா, சோள மாவு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதோடு பிசைந்து பக்கோடா மாதிரி பொரித்துக் குவித்திருப்பார்கள். நாம் போய் நின்றதும் அதைக் கல்லில் போட்டு, வெங்காயமும் மசாலாத் தண்ணீரும் சேர்த்துக் கொத்தி, கொழகொழவென்று வந்ததும் தட்டில் அள்ளி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, ஒரு ஸ்பூனைக் குத்திக் கொடுப்பார்கள். நாக்கு பொத்துப்போகும். ஆனாலும் ஆறட்டும் என்று காத்திருப்பவர் யாருமில்லை.

எல்லாம் சரி, காளான் எங்கே? சில வண்டிகளில் கொஞ்சம் இருக்கும். சில வண்டிகளில் பெயரில் மட்டும் இருக்கும்.

நான் நின்ற வண்டியில் ஒரு பையன் இதையே கேட்டான். "ஏனுங்ண்ணா, காளானுல காளானே காணமே?"

"நாப்பது ரூவாய்க்கு முச்சூடும் காளானே போட்டா, வண்டிய வித்துப்போட்டுத்தான் போகோணும் கண்ணு" என்றார் கடைக்காரர். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

பி.காம். படித்தவன் காதில் இப்படி ஒரு பதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? கூட்டம் குறைந்ததும் செலவுக் கணக்கைக் கேட்டேன். கோஸ், மைதா, எண்ணெய், வெங்காயம், 19 கிலோ சிலிண்டர், தினமும் கட்டுகிற தண்டல் என்று விரல் விட்டுச் சொன்னார். ஒரு ரூபாய் பிசகாத மனிதர்.

"இவ்வளவு கோஸையும் யாருங்க நறுக்கறது?"

"வூட்லதானுங்க. எங்கம்மாளும் சம்சாரமும்."

"அதுக்கு எவ்வளவு எழுதறீங்க?"

"அதுக்கென்னத்துங்க காசு?" என்றார், நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு தட்டு விற்று, எல்லாச் செலவும் போக 1,100 ரூபாய் கையில் நிற்கிறது. நல்ல வியாபாரம்தான். இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள். வீட்டில் இரண்டு பெண்கள் ஆளுக்கு மூன்று மணி நேரம் நறுக்குகிறார்கள். சந்தைக்குப் போய்வரவும் பாத்திரம் கழுவவும் நான்கு மணி. ராத்திரி வண்டியில் இரண்டு பேர் ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். மொத்தம் 22 மணி நேரம். ஒரு மணிக்கு 50 ரூபாய். லாபம் என்று நாம் சொல்கிற அந்த 1,100 ரூபாயும் கூலிதான். அதிலும் பாதிப் பேர் அதைக் கூலி என்று எண்ணுவதே இல்லை.

இந்தோனேசியாவின் இரவுச் சந்தைகளில் தள்ளுவண்டிக்காரருக்கு 'காக்கி லீமா' என்று பெயர். ஐந்து கால் என்று அர்த்தம். வண்டிக்கு மூன்று, ஆளுக்கு இரண்டு என்று அந்த ஊர் மக்கள் விளக்கம் சொல்வார்கள். ஐந்தடி நடைபாதையிலிருந்து வந்த பெயர் என்றும் ஒரு கட்சி உண்டு. நம் வண்டிக்குக் கால்களை எண்ணினால், வீட்டுக்குள் உட்கார்ந்து கோஸ் நறுக்குகிறவர்களின் கால்களையும் சேர்க்க வேண்டும்.

நம்மவர் முன்பு தறியில் இருந்தவராம். அதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம் போய்விட்டது. கைத்தறி வீட்டில் இது பழைய கதை. நெய்கிறவருக்குப் போர்வைக் கணக்கில் கூலி. பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுகிற மனைவிக்கோ தாயாருக்கோ தனியாக ஒரு பைசா கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் இந்தத் தொழிலில் 35 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள் என்றது. தலைகளை எண்ணிவிட்டார்கள். கூலிச் சீட்டில் பெயர் ஏறுவதுதான் பாக்கி.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் ஒரு சட்டம் வந்தது. 2020-ல், கொரோனாவில் முடங்கிய வண்டிகள் மறுபடி உருள மத்திய அரசு 10,000 ரூபாய் கடன் கொடுத்தது. நல்ல காரியங்கள். வியாபாரத்தை அவரே நடத்தலாம், குடும்பத்தார் மூலமும் நடத்தலாம் என்கிறது அந்தச் சட்டம். அந்தக் குடும்பத்தாருக்கு என்ன கூலி என்பது வீட்டு விவகாரம்.

கடைசியாக அவரிடம் சொன்னேன்: "நறுக்குக் கூலின்னு ஒரு வரி எழுதுங்க. அதே 50 ரூபாய் கணக்குப் போட்டா 300 ரூபாய். நூறு தட்டுல பிரிச்சா தட்டுக்கு மூணே ரூபாய்."

கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். "நானு மூணு ரூவா ஏத்துனா, அடுத்த வண்டிக்காரன் நாப்பதுக்கே குடுப்பானுங்க. அவங்க வூட்லயும் சும்மாதான நறுக்கறாங்க? இங்க சாப்புடறவங்க பூராம் வாரக் கூலிக்காரங்க. அவங்களுக்கு மூணு ரூவாயும் காசுதானுங்க."

வணிகவியல் பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. எந்த வண்டியும் தனியாக விலையை ஏற்ற முடியாது. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் சும்மா நறுக்குவதால்தான் தெரு முழுக்க நாற்பது ரூபாய் நிற்கிறது. தறி ஓட்டிவிட்டு வருகிறவருக்கு அது ராத்திரிச் சாப்பாடு. அவரிடம் நாம் எதுவும் கேட்க முடியாது.

ஆனால் நீங்களும் நானும் வாரக் கூலிக்காரர்கள் இல்லை. பஸ்ஸுக்கு முன்னால் ஆசைக்கு ஒரு தட்டு சாப்பிடுகிறவர்கள். அடுத்த முறை போகும்போது வண்டிக்காரர் 45 ரூபாய் என்றால், போன தடவை நாற்பதுதானே என்று மட்டும் கேட்காதீர்கள். கூடப் போன ஐந்து ரூபாய் காளானுக்கு இல்லை. கோஸ் நறுக்கியவர்களுக்கு.